பேட்டரியையும் யூனிட்டில் விற்கட்டும்

இன்வெர்ட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “பேட்டரி 150 போடலாமா, 200 போடலாமா?” 150 என்ன, 200 என்ன என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. எண் பெரிதானால் பேட்டரி பெரிது, ஃபேன் கூடுதல் நேரம் ஓடும் என்று அவராகவே முடிவு செய்துகொள்கிறார். அந்த எண்ணின் பெயர் ஆம்பியர்-மணி, கடைமொழியில் ஏஹெச். பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை அந்த எண் தனியாக நின்று சொல்லவே முடியாது. மூட்டை 25 கிலோவா, 75 கிலோவா என்று சொல்லாமல் ‘பத்து மூட்டை அரிசி’ என்று மட்டும் சொல்லி விலை பேசுவதைப் போன்றது இது. 2008-ஐ ஒட்டித் தொடங்கிய கடும் மின்வெட்டு ஆண்டுகளில் இன்வெர்ட்டர் நம் நடுத்தர வீடுகளுக்குள் வந்தது. அதன் பிறகு பவர் பேங்க் வந்தது, மின் ஸ்கூட்டர் வந்தது, மொட்டைமாடி சோலார் வந்தது. இத்தனை பேட்டரிகளோடு வாழும் நமக்கு இன்னும் பாதிக் கணக்கைக் காட்டியே வியாபாரம் நடக்கிறது. பேட்டரி எதுவானாலும், அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றலை மின்கட்டண ரசீதில் நாம் பார்த்துப் பழகிய யூனிட்டில் அச்சிட்டே விற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பேட்டரிகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தாலே அதன் நியாயம் புரிந்துவிடும்.

அரிசிக் கணக்கிலேயே தொடரலாம். ஆம்பியர்-மணி என்பது மூட்டைகளின் எண்ணிக்கை. வோல்ட் என்பது ஒரு மூட்டையின் எடை. இரண்டையும் பெருக்கினால்தான் மொத்த அரிசி எவ்வளவு என்று தெரியும். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் 12 × 150 = 1,800 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட் என்பதால், அது 1.8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், யூனிட் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து, இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வைக்கும் அந்தப் பெட்டிக்குள் முழுதாக இரண்டு யூனிட்கூட இல்லை என்ற உண்மை, ‘150’ என்ற எண்ணுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. இன்னொரு உதாரணம் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கைபேசி பேட்டரியில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். ஒரு சாதாரண மடிக்கணினியின் பேட்டரியில் 4,000 என்றுதான் இருக்கும். அப்படியென்றால் கைபேசியின் பேட்டரி பெரியதா? கைபேசிக்குள் இருப்பது 3.85 வோல்ட் கலம். ஆற்றல் சுமார் 19 வாட்-மணி. மடிக்கணினிக்குள் மூன்று கலங்கள் வரிசையாக இணைந்து 11.4 வோல்ட் தருகின்றன. ஆற்றல் 45 வாட்-மணிக்கும் மேல். சிறிய எண் போட்டிருக்கும் பேட்டரியில்தான் இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் இருக்கிறது. ஏஹெச் எண்ணை மட்டும் பார்த்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிடுகிறவர் எங்கே சறுக்குவார் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

இனி இணைப்புக்கு வருவோம். ஒன்றின் பாசிட்டிவ் முனையை அடுத்ததன் நெகட்டிவ் முனையோடு கோப்பது தொடரிணைப்பு. எலக்ட்ரீஷியன் சொல்லும் ‘சீரீஸ்’. பாசிட்டிவ்களை ஒன்றாகவும் நெகட்டிவ்களை ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு, அதாவது ‘பேரலல்’. 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரிகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும், ஏஹெச் 150 ஆகவே இருக்கும். பக்கத்தில் இணைத்தால் வோல்ட் 12 ஆகவே இருக்கும், ஏஹெச் 300 ஆகும். முதல் வகையில் மூட்டையின் எடை கூடுகிறது. இரண்டாம் வகையில் மூட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 3,600 வாட்-மணி; 3.6 யூனிட். வோல்ட் கூடும்போது ஏஹெச் ஏன் கூடுவதில்லை என்ற ஐயத்துக்கு நீலகிரியில் விடை இருக்கிறது. 1932-இல் தொடங்கப்பட்ட பைக்காரா திட்டத்தில், மலையிலிருந்து இறங்கும் நீர் சிங்காரா மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. அங்கிருந்து வெளியேறும் அதே நீர் மேலும் கீழிறங்கி மாயாறு மின்நிலையத்திலும் வேலை செய்கிறது. நீர் இரண்டு மடங்காகவில்லை. அது இறங்கும் உயரம்தான் கூடியது, அதனால் ஒவ்வொரு லிட்டரும் கூடுதல் வேலை செய்தது. தொடரிணைப்பில் நடப்பதும் அதுதான். ஒரே மின்னோட்டம் இரண்டு பேட்டரிகளையும் வரிசையாகக் கடந்து, இரண்டிடமும் ஆற்றலைப் பெற்றுக்கொண்டு வருகிறது.

‘ஒரு பேட்டரி’ என்று நாம் வாங்குவதே உண்மையில் ஒரு தொடரிணைப்புதான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதற்கு ஆறு மூடிகளைத் திறக்கிறோமே, அவை ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வோல்ட் தரும் ஒரு ஈய-அமிலக் கலம் இருக்கிறது. ஆறு இரண்டு பன்னிரண்டு. 1749-இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னூட்டம் தாங்கும் கண்ணாடித் தகடுகளின் தொகுப்புக்கு, பீரங்கி வரிசையைக் குறிக்கும் ‘பேட்டரி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். 1800-இல் அலெசாண்ட்ரோ வோல்டா உலோக வட்டுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மின்னோட்டம் பெற்றார். நம் பாடநூல்கள் பேட்டரியை ‘மின்கல அடுக்கு’ என்று சொல்வது அந்த வகையில் மிகப் பொருத்தமான பெயர். பேட்டரி என்பது தனிப்பொருள் இல்லை, கலங்களை அடுக்கிய முறை என்று அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மின் ஸ்கூட்டரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 3.6 வோல்ட், 5 ஏஹெச் கொண்ட 168 லித்தியம் கலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பன்னிரண்டாகப் பக்கத்தில் சேர்த்து, அப்படிப்பட்ட 14 கொத்துகளைத் தொடரில் கோத்தால் 50.4 வோல்ட், 60 ஏஹெச். ஏழே கொத்துகளாக்கினால் 25.2 வோல்ட், 120 ஏஹெச். 28 கொத்துகளாக்கினால் 100.8 வோல்ட், 30 ஏஹெச். ஏஹெச் எண் 30, 60, 120 என்று ஆட்டம் காட்டுகிறது. ஆனால் மூன்றிலும் ஆற்றல் 3,024 வாட்-மணிதான். கம்பியை மாற்றிப் போட்டாலே மாறிவிடும் ஓர் எண்ணை, பொருளின் அளவு என்று சொல்லி எப்படி விற்பது?

எப்படி இணைத்தாலும் ஆற்றல் ஒன்றுதான் என்றால், இணைப்பு முறையைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். கவலைப்பட வேண்டும், காரணம் கம்பியில் இருக்கிறது. ஆயிரம் வாட் சுமையை இயக்கும்போது, இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1,175 வாட் அளவுக்கு எடுக்க வேண்டியிருக்கும். 12 வோல்ட்டில் இது 98 ஆம்பியர். 24 வோல்ட்டில் 49 ஆம்பியர். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மின்னோட்டம் பாதியானால் வெப்பம் கால் பங்காகும். கம்பிக்கும் டெர்மினல் இணைப்புகளுக்கும் சேர்த்து வெறும் பத்து மில்லி ஓம் தடை இருந்தால்கூட, 12 வோல்ட்டில் 96 வாட் வெப்பமாகவே போய்விடும். 24 வோல்ட்டில் அது 24 வாட். பெரிய இன்வெர்ட்டர்கள் ‘டபுள் பேட்டரி’ கேட்பதும், சோலார் அமைப்புகள் 48 வோல்ட்டுக்குப் போவதும், மின் கார்கள் 400 வோல்ட்டையும் தாண்டுவதும் இதனால்தான். ஆனால் வோல்ட் ஏற ஏற வேறொரு ஆபத்தும் ஏறுகிறது. பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்தில் மூண்ட தீப்பொறி, வீட்டு மாறுமின்னோட்டத்தில்போல வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் தானாக அணைந்துவிடாது. மின் வாகனங்களுக்கான பன்னாட்டு விதிகளில் 60 வோல்ட் நேர்மின்னழுத்தத்துக்கு மேற்பட்டதெல்லாம் ‘உயர் மின்னழுத்தம்’. அதற்குத் தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் கட்டாயம். ஆகவே தொடரா, பக்கமா என்பது கம்பியின் தடிமன், வெப்பம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பொறியாளர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டில் விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்ற கேள்விக்கு அந்த முடிவில் விடை இல்லை, யூனிட்டில்தான் இருக்கிறது.

நேரக் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. ஈய-அமில பேட்டரியின் மேல் போட்டிருக்கும் 150 என்பது பெரும்பாலும் ‘சி-20’ கணக்கு. அதாவது, 7.5 ஆம்பியராக இருபது மணி நேரம் சொட்டுச் சொட்டாக எடுத்தால் கிடைக்கும் அளவு. எந்த வீட்டில் இன்வெர்ட்டர் அப்படி ஓடுகிறது? நான்கு பழைய ஃபேன்கள், சில எல்இடி விளக்குகள், ஒரு ரவுட்டர் என்று 400 வாட் சுமை வைத்தாலே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 39 ஆம்பியர் போகும். வேகமாக எடுத்தால் ஈய-அமில பேட்டரி குறைவாகவே கொடுக்கும் என்பதை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பியூகெர்ட் 1897-லேயே ஒரு சூத்திரமாக எழுதிவிட்டார். அதில் பேட்டரியின் தன்மையைக் குறிக்கும் எண்ணை 1.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 150-ஐ 39-ஆல் வகுத்து வரும் 3 மணி 50 நிமிடம் கிடைக்காது. 2 மணி 45 நிமிடம்தான் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. இப்போது இரண்டாவது பேட்டரியைச் சேருங்கள். தொடரில் சேர்த்தால் 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாகிறது. பக்கத்தில் சேர்த்தால் மின்னோட்டத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. எப்படியானாலும் ஒவ்வொரு பேட்டரியின் மேலும் விழுவது இருபது ஆம்பியருக்குள்தான். அதே சூத்திரப்படி இப்போது கிடைக்கும் நேரம் ஆறேகால் மணி. பேட்டரி இரண்டு மடங்கானது. நேரமோ இரண்டேகால் மடங்காகிவிட்டது. இந்த ஆதாயம் சீரீஸுக்கும் பேரலலுக்கும் பொது. ‘சீரீஸ்ல போட்டா 150 தான் சார், பேரலல்ல போட்டாத்தான் 300’ என்று கேட்டு ஏமாந்துபோனதாக நினைக்கும் வாடிக்கையாளருக்கு, தன் பேக்கப் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை என்று தெரிய வாய்ப்பே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே எண் ஏஹெச். அந்த எண்தான் அவரைக் குழப்புகிறது.

இங்கே ஒரு நேர்மையான திருத்தம் தேவை. ‘எப்படி இணைத்தாலும் ஆற்றல் ஒன்றுதான்’ என்ற விதி இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தும். அண்ணன் தம்பிக்குப் பொருந்தாது. 150 ஏஹெச் பேட்டரியோடு 100 ஏஹெச் பேட்டரியைத் தொடரில் கோத்தால், இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் போவதால் சிறியது முதலில் காலியாகும். அதோடு ஆட்டம் முடிந்துவிட வேண்டும். எனவே கிடைப்பது 24 வோல்ட், 100 ஏஹெச், 2.4 யூனிட்தான். கூட்டுத்தொகையான 3 யூனிட் கிடைக்காது. அதற்கு மேலும் இழுத்தால் காலியான பேட்டரியின் ஊடாக மின்னோட்டம் வலுக்கட்டாயமாகச் செலுத்தப்பட்டு அது நிரந்தரமாகக் கெடும். சார்ஜ் ஆகும்போது அதுவே முதலில் நிரம்பி, கொதித்து, நீரை இழக்கும். ‘ஒன்று போய்விட்டது, அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று பழையதோடு புதியதைக் கோத்துவிடும் வழக்கம், புதியதையும் சேர்த்துப் பாழாக்குவது இப்படித்தான். பக்க இணைப்பில் சிறியதும் பெரியதும் தத்தம் அளவுக்குக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் நிரம்பிய பேட்டரியைக் காலியானதோடு திடீரெனச் சேர்த்தால், அந்த நொடியிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் பாயும். பக்கத்தில் இணைக்கும்போது பாசிட்டிவ் கம்பியை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ் கம்பியைக் கடைசி பேட்டரியிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று நல்ல மெக்கானிக்குகள் சொல்வதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அருகில் இருப்பது அதிகம் உழைக்கும், தள்ளி இருப்பது சும்மா இருக்கும். மின் ஸ்கூட்டரின் பேட்டரிக்குள் ஒவ்வொரு கொத்தின் வோல்ட்டையும் ஒரு மின்னணுப் பலகை இடைவிடாமல் கண்காணிப்பது ஆடம்பரத்துக்காக இல்லை. தொடரில் ஒரு கொத்து தளர்ந்தாலும் முழு வண்டியும் அதன் அளவுக்கு இறங்கிவிடும் என்பதற்காக. இந்தத் திருத்தமும் யூனிட் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. ஏஹெச்-ஐயும் வோல்ட்டையும் தனித்தனியே வைத்திருப்பவருக்கு, சிறியதும் பெரியதுமாகக் கோத்ததில் எதை இழந்தார் என்பது தெரியாது. யூனிட்டில் பார்ப்பவருக்கு 0.6 யூனிட் காணாமல் போனது உடனே கண்ணில் படும்.

பாதிக் கணக்கு எப்படியெல்லாம் பயன்படுகிறது என்பதற்கு பவர் பேங்க் நல்ல சான்று. 20,000 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலங்களின் கணக்கு. ஆற்றல் 74 வாட்-மணி. ஆனால் வெளியே வருவது 5 வோல்ட். 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14,800. வோல்ட்டை உயர்த்தும்போது வீணாவதைக் கழித்தால் 13,000 அளவில் வந்து நிற்கும். அச்சிட்ட எண் பொய் இல்லை. ஆனால் எந்த வோல்ட்டில் என்று சொல்லாததால், வாங்குகிறவருக்கு அது உண்மையாகவும் இல்லை. பல பவர் பேங்குகளின் பின்புறம், லென்ஸ் வைத்துத் தேட வேண்டிய எழுத்தில் இந்தக் குறைந்த எண்ணும் இருக்கும். பொருளின் அளவு பின்புறத்தில் பொடி எழுத்திலும், விளம்பர எண் முன்புறத்தில் கொட்டை எழுத்திலும் இருப்பது எந்தச் சந்தைக்கும் அழகில்லை.

இது நடைமுறைக்கு ஒத்துவராத கோரிக்கை என்று ஒதுக்க முடியாது. பணமோ உயிரோ சம்பந்தப்பட்ட இடங்களில் அரசுகள் ஏற்கெனவே வாட்-மணிக்கு மாறிவிட்டன. விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிக்கு, விமான நிறுவனத்தின் முன்அனுமதி தேவைப்படாத வரம்பு 100 வாட்-மணி. அதற்கு மேல் 160 வரை அனுமதி பெற்றால்தான் போகலாம். தீப்பிடித்தால் எவ்வளவு எரியும் என்பதை ஏஹெச் சொல்லாது என்று விமானத் துறைக்குத் தெரியும். மின் இருசக்கர வாகனங்களுக்கு ஒன்றிய அரசு தந்த மானியமும் இதே அளவுகோலில்தான் போனது. ‘ஃபேம்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 2021-இல் கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 2023 ஜூனில் 10,000 ஆகக் குறைத்தார்கள். 2024 அக்டோபரில் வந்த ‘பிஎம் இ-டிரைவ்’ 5,000 என்று தொடங்கியது. கிலோவாட்-மணி என்பது நம் யூனிட்தான். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற இடங்களிலும் உருவாகும் ஸ்கூட்டர்களை வாங்குகிறவர்கள்கூட ‘3 கிலோவாட் வண்டி’ என்று, ஒரு ‘மணி’யை விழுங்கிவிட்டாலும், யூனிட்டிலேயே பேசப் பழகிவிட்டார்கள். தன் பணத்தை எடுத்துக் கொடுக்கும்போது அரசு யூனிட்டில் அளக்கிறது. குடிமகன் தன் பணத்தைக் கொடுத்து இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது மட்டும் ஏன் ஏஹெச்?

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, பொறியாளர்கள் சொல்வது: பேட்டரியின் வோல்ட் நிலையாக இருப்பதில்லை, நிரம்பியபோது 12.7-க்கு அருகில் இருந்து, தீரத் தீர இறங்கும். மின்னூட்டக் கணக்கான ஏஹெச்தான் துல்லியமானது, வாட்-மணி சராசரியை வைத்துச் சொல்லும் மதிப்பீடு. அறிவியல்படி இது சரி. ஆனால் ஏஹெச் மட்டும் மாறாத எண்ணா என்ன? மேலே பார்த்தபடி, எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதுவும் பெரிதாக மாறுகிறது. அதற்காகத்தானே சி-20, சி-10 என்று நிபந்தனை போட்டு அச்சிடுகிறார்கள். நிபந்தனையோடு ஏஹெச் அச்சிட முடியும் என்றால் நிபந்தனையோடு யூனிட்டும் அச்சிட முடியும். இரண்டாவது, வியாபாரிகள் சொல்வது: ஜனங்களுக்கு 150, 200 பழகிவிட்டது, மாற்றினால் குழம்புவார்கள். எதில் பழகியவர்கள் நம் மக்கள்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரசீதைப் பார்த்து, எந்த அடுக்குக் கட்டணத்தில் விழுந்திருக்கிறோம் என்று யூனிட்டை எண்ணும் குடும்பங்களுக்கு யூனிட் புரியாது, ஆம்பியர்-மணி புரியும் என்பது நம்பும்படி இல்லை. மேலும், ஏஹெச்-ஐ அழிக்கும்படி யாரும் கேட்கவில்லை. சார்ஜரைச் சரிப்படுத்தவும் கம்பியின் தடிமனைத் தேர்வு செய்யவும் மெக்கானிக்குக்கு வோல்ட்டும் ஏஹெச்சும் தேவைதான். அவை பின்புறம் இருக்கட்டும்; வாங்குகிறவருக்கான எண் முன்புறம் வரட்டும்.

மூன்றாவது எதிர்வாதமே வலுவானது: யூனிட் எண்ணையும் வளைக்க முடியும். உண்மை. இன்று சந்தையில் ‘டியூபுலர்’ எனப்படும் 150 ஏஹெச் ஈய-அமில பேட்டரிக்குப் போட்டியாக 12.8 வோல்ட், 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி வருகிறது. ஏஹெச்-ஐப் பார்த்தால் லித்தியம் மூன்றில் இரண்டு பங்கு. வெறுமனே பெருக்கி யூனிட்டாக்கினாலும் 1.8-க்கு எதிராக 1.28, டியூபுலரே பெரியது என்று தோன்றும். ஆனால் வீட்டில் நடப்பதுபோல மூன்று மணி நேரத்தில் தீர்க்கும் வேகத்தில் எடுத்துப் பாருங்கள். பியூகெர்ட் கணக்குப்படி டியூபுலர் 109 ஏஹெச் அளவுக்குச் சுருங்கி 1.3 யூனிட் தரும். லித்தியத்தில் வேகத்தால் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு என்பதால் அது 1.28-ஐ ஒட்டியே நிற்கும். இரண்டும் ஏறத்தாழச் சமம்! அதோடு, ஈய-அமில பேட்டரியை அடிக்கடி அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதையும் சேர்த்தால் தராசு மறுபக்கம் சாயும். ஆகவே ‘யூனிட் போடு’ என்பது மட்டும் போதாது. ‘எத்தனை மணி நேரத்தில், எத்தனை யூனிட்’ என்று போட வேண்டும். வளைக்க முடியும் என்பதற்காக அளவுகோலையே மறுப்பதில் பொருளில்லை. படியில் போலி அடிப்பகுதி வைத்து ஏமாற்றியவர்கள் இருந்தார்கள் என்பதற்காக நாம் அளந்து வாங்குவதை விட்டுவிடவில்லை. படிக்கு முத்திரை குத்தினோம்.

அந்த முத்திரைக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், உள்ளே இருக்கும் பொருளின் நிகர அளவை எடையிலோ, அளவிலோ, எண்ணிக்கையிலோ சொல்லியாக வேண்டும் என்கின்றன. எண்ணெய்க்கு லிட்டர், பருப்புக்கு கிலோ என்று கேட்கும் அந்த விதியின் நோக்கத்தை பேட்டரிக்கும் நீட்டிப்பது பெரிய புரட்சி ஆகாது. பேட்டரி வாங்குகிறவர் பெட்டியையா வாங்குகிறார்? அதற்குள் அடங்கும் ஆற்றலைத்தானே வாங்குகிறார்! ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையும் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் சேர்ந்து, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மூன்று மணி நேர வேகத்தில் கிடைக்கும் யூனிட்டையும், பவர் பேங்குக்கு வெளியே வரும் வாட்-மணியையும் முன்பக்கத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் யுபிஎஸ்ஸுக்கு டெண்டர் விடும்போது, இத்தனை ஏஹெச் பேட்டரி என்று கேட்காமல், இவ்வளவு சுமையில் இத்தனை யூனிட் என்று கேட்கத் தமிழ்நாடு அரசு இன்றே உத்தரவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 24 வோல்ட்டா, 48 வோல்ட்டா, சீரீஸா, பேரலலா என்பதைப் பொறுப்போடு முடிவு செய்யும் வேலை அதன் பிறகு பொறியாளருடையது.

சட்டம் வரும்வரை வாங்குகிறவர் கையில் ஒரு பெருக்கல் இருக்கிறது. அடுத்த முறை கடைக்காரர் ‘150 போடலாமா, 200 போடலாமா’ என்று கேட்டால், வோல்ட்டை ஏஹெச்-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் அதில் கால் பங்குக்கும் சற்று அதிகமாகக் கழித்துவிடுங்கள். பிறகு திருப்பிக் கேளுங்கள்: “எத்தனை யூனிட் கிடைக்கும்?”